பச்சையாகத் தெரிவதெல்லாம் மேய்ச்சல் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடலூர் மாவட்டம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குக் கடலும், நெய்வேலி நிலக்கரியும், பண்ருட்டிப் பலாவும் நினைவுக்கு வரும். மாவட்டத்தின் மேற்கே, வேப்பூர், மங்களூர், நல்லூர் பக்கம் வானம் பார்த்த மேட்டு நிலத்தில் ஆடு வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் வேப்பூர் ஆட்டுச் சந்தைக்கு வந்து நின்றால் அது எத்தனை பெரிய பிழைப்பு என்று புரியும். இந்த ஆடுகள் எல்லாம் எங்கே மேய்கின்றன? வருவாய்த்துறையின் நில ஆவணமான 'அ' பதிவேட்டில் 'மேய்க்கால் புறம்போக்கு' (மேய்ச்சலுக்கு விட்ட பொது நிலம்) என்று எழுதி, எதிரே ஒரு பரப்பளவு போட்டிருக்கும். அந்தப் பரப்பில் இந்த ஆண்டு புல் முளைத்ததா, முளைத்த புல் எத்தனை மாதம் தாங்கும், போன ஆண்டைவிட முள் எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறது என்பதெல்லாம் அதில் கிடையாது. வயலில் என்ன பயிர் நிற்கிறது என்று பருவந்தோறும் அடங்கல் எழுதுகிறோம். மேய்க்காலில் நிற்கும் தீவனத்துக்கு அப்படி யாரும் எழுதுவதில்லை.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் புவியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். தொலை நுண்ணுணர்வு, அதாவது வானிலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு நிலத்தை அறியும் முறை பற்றிய பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். ஆடு மேய்க்கும் குடும்பத்தில் பிறந்தவன். எனக்கு அண்ணன் முறையான என் பெரியப்பா மகன் இன்றும் செம்மறி மந்தை வைத்திருக்கிறார். மேய்க்கால்களை வானிலிருந்து கண்காணிக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறவர்களில் நானும் ஒருவன். ஆனால் அந்தப் படங்களைத் தவறாகப் படித்தால், படமே இல்லாமல் இருந்ததைவிட அதிகக் கேடு வந்து சேரும். அதைக் கண்ணால் பார்த்துவிட்டதால்தான் இந்தக் கடிதம்.

சென்ற கோடையில் எங்கள் பகுதியில் ஒரு கூட்டம் நடந்தது. எந்த அலுவலகம் என்று சொல்ல விரும்பவில்லை. வந்திருந்த இளம் அலுவலர் நல்லவர், உழைப்பாளி. சுவரில் படம் போட்டுக் காட்டினார். எங்கள் ஊர் மேய்க்காலில் ஒரு பகுதி அதில் கரும்பச்சையாக இருந்தது. "பத்து ஆண்டுக்கு முன்பு இந்த இடம் மஞ்சளாக இருந்தது. இப்போது தாவரப் போர்வை கூடியிருக்கிறது. உங்கள் மேய்ச்சல் நிலம் நல்ல நிலையில் இருக்கிறது" என்றார். கூட்டத்தில் இருந்த என் அண்ணன் எழுந்து, "ஐயா, அந்தப் பச்சையில் என் ஆட்டுக்கு ஒரு வாய்கூட இல்லை" என்றார். அலுவலருக்கு அது விளங்கவில்லை. படம் பொய் சொல்லாது என்று அவர் நம்பினார். படம் பொய் சொல்லவில்லைதான். அங்கே பச்சை இருந்தது. அது முழுக்கச் சீமைக்கருவேலம்.

செயற்கைக்கோள் பச்சையை எப்படி அறிகிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உயிருள்ள இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பெருமளவில் திருப்பி அனுப்பும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால், கழித்தல் ஒன்றிலிருந்து கூட்டல் ஒன்றுக்குள் ஓர் எண் வரும். இதுதான் தாவரக் குறியீடு. எண் உயர உயரப் பச்சை இலை அடர்த்தி. இந்தக் குறியீட்டுக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் பழைய உறவு உண்டு. 1972 ஜூலையில் அமெரிக்கா முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோளை ஏவியது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் ஜான் ரவுஸ் தலைமையிலான குழு அதன் படங்களைக் கொண்டு, டெக்சாஸிலிருந்து வடக்கே நீளும் பெரும் புல்வெளிகள் இளவேனிலில் பச்சை பிடிப்பதையும் பிறகு காய்வதையும் அளந்தது. இன்று உலகமெங்கும் பயன்படும் தாவரக் குறியீடு பரவலானது அந்த வேலையிலிருந்துதான். அவர்கள் படத்தை மட்டும் பார்த்து எழுதிவிடவில்லை. தரையில் புல்லை அறுத்து எடை போட்டு, அந்த எடையோடு எண்ணைப் பொருத்திப் பார்த்தார்கள். நம்மிடம் எண் வந்து சேர்ந்தது. புல் அறுக்கும் வேலை வரவில்லை.

அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் புல்தான். நம் மேய்க்கால் அப்படி இல்லை. 1877-இல் சென்னை மாகாணத்துக்குள் கொண்டுவரப்பட்ட சீமைக்கருவேலம் இன்று அதில் பெரும் பங்கை எடுத்துக்கொண்டிருக்கிறது. அதன் நெற்றை ஆடு விரும்பித் தின்னும். கோடையில் நெற்று விழும் காலத்தில் அது மந்தைக்கு ஓர் உதவி என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் இலையை ஆடு தொடாது. தின்ற நெற்றின் விதை புழுக்கையோடு போய் அடுத்த மேட்டில் முளைக்கும். புதர் கூடிவிட்டால் கீழே புல் நிற்பதில்லை. குனிந்து உள்ளே பார்த்தால் உதிர்ந்த சிற்றிலைகளும், காய்ந்த முள்ளும், வெறும் செம்மண்ணும்தான். அந்த முள் ஆட்டின் குளம்பில் ஏறினால் நொண்டும். கவனிக்காமல் விட்டால் புண்ணில் புழு வைக்கும். இத்தனையும் வானிலிருந்து பார்க்கும்போது நல்ல அடர்த்தியான, ஆண்டு முழுவதும் வாடாத பச்சை. எருக்கும் பச்சைதான். ஏரிப் புறம்போக்குகளில் மண்டிக் கிடக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கும் பச்சைதான்; அதைத் தின்றால் வெள்ளாட்டுக்கு விஷம்.

இதற்கு நேர் எதிரான தவறும் ஒன்று உண்டு. தை, மாசியில் எங்கள் பக்கம் கொழுக்கட்டைப் புல் காய்ந்து வைக்கோல் நிறத்தில் நிற்கும். ஆடு அதைத் தின்று வயிறு நிரப்பிக்கொண்டுதான் பங்குனி வரைக்கும் போகிறது. காய்ந்த புல்லில் பச்சையம் இல்லாததால் தாவரக் குறியீடு அதை வெறும் மண்ணோடு சேர்த்துவிடும். ஆக, எங்களுக்குச் சோறு போடும் இடம் படத்தில் பொட்டலாகவும், எங்களை விரட்டும் இடம் படத்தில் செழிப்பாகவும் வருகிறது. எந்த அலுவலரும் வேண்டுமென்று இதைச் செய்வதில்லை என்பது எனக்குத் தெரியும். ஒரே ஒரு குறியீட்டை, அதுவும் ஒரே ஒரு நாள் படத்தை வைத்து நிலத்துக்குத் தீர்ப்பு எழுதினால் இப்படித்தான் முடியும்.

இதற்கு வழி இருக்கிறது. அதுவும் அதே செயற்கைக்கோளிடமே இருக்கிறது.

கூட்டம் முடிந்த பிறகு, என்னிடம் படித்து இப்போது கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் சிலரோடு உட்கார்ந்து, ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்களை இணையத்தில் திறந்து பார்த்தேன். காசு கிடையாது, யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஒரு படப்புள்ளி பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டரை சென்ட். இரட்டைச் செயற்கைக்கோள்கள் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு மேலே வருகின்றன. எங்கள் மேய்க்காலின் மார்கழிப் படத்தையும் சித்திரைப் படத்தையும் அருகருகே வைத்தோம். மார்கழியில் முழுப் பரப்பும் பச்சை. சித்திரையில் வடக்கு மூலையும் ஓடைக்கரை ஓரமும் மட்டும் பச்சை. மற்ற இடமெல்லாம் வெளுத்துவிட்டது. மழைக்குப் பச்சையாகி வெயிலுக்கு வெளுக்கும் இடம் புல். வெயிலிலும் பச்சை மாறாத இடம் மரம் அல்லது புதர். என் அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினேன். கணினியையே தொட்டிராத அவர், வடக்கு மூலையில் விரலை வைத்து, "இது முள், இந்தக் கோடியில் மட்டும் இரண்டு வேம்பு நிற்கிறது. இங்கே வெளுத்திருப்பதுதான் எங்கள் இடம்" என்றார். மறுநாள் போய்ப் பார்த்தோம். வேம்பு நின்றது.

அதோடு நிறுத்தவில்லை. மழைக்காலம் முடிந்ததும், பிளம்பிங் குழாயை வெட்டி ஒரு மீட்டர் சதுரச் சட்டம் செய்துகொண்டு மேய்க்காலில் இறங்கினோம். சட்டத்தைத் தரையில் போடுவது, உள்ளே இருப்பதை அரிவாளால் அடியோடு அறுப்பது, பையில் கட்டி எண் போடுவது. அறுத்ததைத் துணியில் கொட்டியதும் என் அண்ணனும் அண்ணியும் உட்கார்ந்து பிரித்தார்கள். அருகு, கொழுக்கட்டைப் புல், மயில்கொண்டைப் புல் ஒரு பக்கம். பார்த்தீனியமும் எருக்கங்கன்றும் இன்னொரு பக்கம். ஊசிப்புல்லைக் கையில் எடுத்த அண்ணி, "கதிர் வருவதற்கு முன்னால் என்றால் இந்தப் பக்கம், கதிர் வந்த பிறகு அந்தப் பக்கம்" என்றார். கதிரின் ஊசி ஆட்டின் வாயிலும் தோலிலும் குத்தும் என்பது அவர் வாழ்க்கையில் கற்றது. அவர் கை பிரிக்கும் வேகத்துக்கு என்னால் குறித்துக்கொள்ள முடியவில்லை. ஒரே செடி ஒரு மாதம் தீவனமாகவும் அடுத்த மாதம் தொல்லையாகவும் இருப்பதை எந்தக் குறியீடு சொல்லும்? ஓலைப் பாயில் உலர்த்தி, எடை போட்டு, நோட்டில் எழுதினோம். படத்தில் ஒரே எண்ணைக் காட்டிய இரண்டு இடங்களில், ஒன்றில் ஆடு தின்னும் புல் பை நிறையவும், மற்றொன்றில் கைப்பிடிக்குக் குறைவாகவும் கிடைத்தது.

இது புதிய வேலையும் இல்லை. நெல்லுக்கும் மக்காச்சோளத்துக்கும் பயிர் அறுவடைப் பரிசோதனை என்ற பெயரில் இதைத்தான் அதிகாரிகள் காலங்காலமாகச் செய்கிறார்கள். பயிர்க் காப்பீட்டுக்கு இழப்பீடு முடிவு செய்வதே பெரும்பாலும் அதை வைத்துத்தான். மேய்க்காலுக்கும் ஆண்டுக்கு இரண்டு முறை செய்தால் என்ன?

படத்தைத் தவறாகப் படிப்பதன் விலை பெரியது. குஜராத்தின் கட்ச் பகுதியில் பன்னி என்ற பெரும் புல்வெளி இருக்கிறது. உப்புப் பாலை பரவுவதைத் தடுக்க 1960-களில் அங்கே வனத்துறையே இதே சீமைக்கருவேலத்தை நட்டது. மால்தாரி மேய்ப்பர்களின் எருமைகளும் மாடுகளும் மேய்ந்த புல்வெளியை அது தின்றுகொண்டே போனதை ஆண்டுவாரியாகக் காட்டியவை செயற்கைக்கோள் படங்கள். அங்கே முள் எது, புல் எது என்று பிரித்துப் படித்தார்கள். உண்மை வெளியே வந்தது. நாட்டின் வன அறிக்கையோ வேறு நோக்கத்துக்கானது. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில் மர விதானம் (மேலிருந்து பார்த்தால் தெரியும் மரங்களின் இலைப் போர்வை) 10 சதவீதத்தைத் தொட்டால், மரம் எந்த இனம், நிலம் யாருடையது என்று பாராமல் அதை வனப்பரப்பு என்று இந்திய வன ஆய்வு நிறுவனம் கணக்கிடுகிறது. அந்த அறிக்கைக்கு அது சரியான விளக்கமாக இருக்கலாம். ஆனால் அதன்படி பார்த்தால், ஓர் ஊரின் மேய்க்கால் முழுவதும் முள் மண்டி மந்தை வெளியேறும் நாளில், மாவட்டத்தின் பசுமை கூடியிருக்கும்! இன்னொரு பக்கம், புல் காய்ந்து நிற்கும் திறந்த வெளிக்குத் 'தரிசு' என்று பெயர் விழுகிறது. ஒரு நிலத்துக்குத் தரிசு என்று பெயர் வந்துவிட்டால், அதை வேறு எதற்காவது கொடுத்துவிடலாம் என்ற எண்ணம் யாருக்காவது வந்துவிடும். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பில் நிரந்தர மேய்ச்சல் நிலம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சமிருப்பதை இழக்க எங்களிடம் இடமில்லை.

கென்யாவில் மர்சாபிட் பகுதி மேய்ப்பர்களுக்கு 2010 முதல் செயற்கைக்கோளின் தாவரக் குறியீட்டை வைத்தே கால்நடைக் காப்பீடு வழங்கத் தொடங்கினார்கள். குறியீடு ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால், மேய்ப்பர் யாரிடமும் போய் மனு கொடுக்காமலே பணம் வரும். நம் ஊருக்கும் ஒருநாள் அப்படி வரலாம், வர வேண்டும். ஆனால் முள்ளையும் புல்லையும் பிரிக்காத கணக்கை வைத்து அதைக் கொண்டுவந்தால், ஆடு பட்டினி கிடக்கும் ஆண்டிலும் படம் பச்சை காட்டும், பணம் வராது. அடிப்படையை இப்போதே சரியாகப் போட வேண்டும் என்று நான் அவசரப்படுவது இதனால்தான்.

தொழில்நுட்பத்தில் இடர்கள் உண்டு. எங்கள் மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழை. புல் வளரும் ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடிக்கிடக்கும். சாதாரணச் செயற்கைக்கோளுக்கு மேகம்தான் தெரியும். மேகத்தை ஊடுருவும் ரேடார் செயற்கைக்கோள்கள் இருக்கின்றன, அவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். புல் அடர்த்தி குறைந்த இடத்தில் செம்மண்ணின் நிறம் எண்ணைக் குழப்பும். அதைத் திருத்தும் குறியீடு 1988-லேயே வந்துவிட்டது. காய்ந்த புல்லை மண்ணிலிருந்து பிரிக்கக் குறும் அலை அகச்சிவப்பு என்ற, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு ஒளி உதவும். இரண்டரை சென்ட் நிலத்துக்குள் ஒரு புதரும், கொஞ்சம் புல்லும், ஒரு பாறையும் இருந்தால் எல்லாம் கலந்து ஒரே எண்ணாகிவிடும். அந்த இடங்களுக்கு டிரோன் வேண்டும். தாழப் பறந்து எடுக்கும் படத்தில் புல் கொத்தும் முள் கன்றும் தனித்தனியே தெரியும். கன்றாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் மண்வெட்டியால் வேரோடு எடுத்துவிடலாம்; மரமான பிறகு பொக்லைன் கேட்க வேண்டியிருக்கும். தமிழ்நாடு அரசிடம் ஆளில்லா வான்வழி வாகனக் கழகம் என்று ஒரு நிறுவனமே இருக்கிறது. வயலுக்கு மருந்து தெளிக்கப் பறக்கும் டிரோன், வருடத்தில் ஒரு நாள் மேய்க்காலுக்கு மேலே பறக்கக் கூடாதா?

கடலூர் மாவட்ட நிர்வாகத்துக்கு என் வேண்டுகோள் இது. மேய்க்கால் புறம்போக்கு புல எண்கள் 'அ' பதிவேட்டில் இருக்கின்றன. எல்லை, நில அளவை வரைபடமான புலப்படத்தில் இருக்கிறது. அந்த எல்லைகளைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்தி, ஒவ்வொரு ஊருக்கும் மழைக்குப் பின் ஒரு படம், கோடையில் ஒரு படம் எடுக்கட்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு, ஆடு மேய்ப்பவரோடு ஒரு முறை நிலத்தைச் சுற்றி வந்து, இது புல், இது முள், இது ஆக்கிரமிப்பு என்று குறிக்கட்டும். பிறகு கிராம சபையில் வைக்கட்டும். ஜனவரி 26 கிராம சபை புல் இருக்கும் காலத்திலும், மே 1 கிராம சபை கடும் கோடையிலும் வருவது நல்ல வசதி. இரண்டு படங்களையும் ஊர் முன்னால் விரித்தால் எந்த வடக்கு மூலையில் முள் முன்னேறுகிறது, எந்தப் பக்கம் யார் வரப்பை நீட்டியிருக்கிறார்கள் என்று யாரும் வாய் திறக்காமலே தெரிந்துவிடும். பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றிக் கிராமத்துக்கு மீட்டுத் தர மாநிலங்கள் திட்டம் வகுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உத்தரவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட லேண்ட்சாட் படங்கள் 2008-க்குப் பிறகு இலவசமாகவே கிடைக்கின்றன; எப்போது எது வயலாக மாறியது என்று அவற்றில் தேடிப் பார்க்க முடியும். அதைத் தனியாக எழுத வேண்டும், இங்கே நீட்டவில்லை.

முள் அகற்றும் பணியும் இந்தப் படங்களைப் பார்த்தே நடக்க வேண்டும். ஓர் ஊரில் வேரோடு பிடுங்கிவிட்டு, அடுத்த மழைக்குப் பிறகு திரும்பிப் பார்க்காமல் விட்டால், நிலத்தில் கிடக்கும் விதைகள் முளைத்து முன்னைவிட நெருக்கமாக வரும். எடுத்த இடத்தில் கொழுக்கட்டைப் புல் விதையைத் தூவி, ஒரு பருவம் மந்தையை அந்தப் பக்கம் விடாமல் காத்து, அடுத்த மார்கழிப் படத்திலும் அதற்கடுத்த சித்திரைப் படத்திலும் என்ன தெரிகிறது என்று பார்க்க வேண்டும். மார்கழியில் பச்சையாகி, சித்திரையில் வெளுத்திருந்தால் புல் பிடித்துவிட்டது என்று துணிந்து சொல்லலாம்.

பிரித்துப் பார்க்கும் வேலைக்கு மேய்ப்பர்களை அழைக்கும்போது, அன்றைக்கு மந்தையை வேறொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதால் ஒரு நாள் கூலியையும் கொடுத்து அழைக்க வேண்டும். பெண்களையும் அழைக்க வேண்டும். குட்டிகளுக்குத் தழை ஒடிப்பதும், மாட்டுக்குப் புல் அறுப்பதும் அவர்கள்தான். எந்தச் செடி எந்த மாதம் வரும் என்று எங்கள் ஊரில் அவர்களைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இல்லை. நாங்கள் போட்ட சட்டத்தின் அளவு, அறுத்த இடங்கள், உலர்ந்த எடை, அதே வாரத்துச் செயற்கைக்கோள் படம் எல்லாம் பிள்ளைகளின் நோட்டில் தேதி போட்டு இருக்கின்றன. மாவட்டத்தில் எந்த அலுவலர் கேட்டாலும் கொண்டுவந்து கொடுக்கிறோம். எங்கள் மேய்க்காலுக்கு வந்தால் கூடவே நடந்து காட்டுகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
வேப்பூர் வட்டம், கடலூர் மாவட்டம்.